ரத்தப் பரிசோதனை நார்மல்... ஆனாலும் குழந்தையின் முட்டி வீங்குவது ஏன்?

காலையில் எழுந்ததும் குழந்தை விந்தி விந்தி நடக்கிறது. கொஞ்ச நேரத்தில் பழையபடி ஓடியாடுகிறது. ஒரு முட்டி மட்டும் லேசாக வீங்கியிருக்கிறது. ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி, ஆர்.ஏ. ஃபேக்டர் மூன்றுமே நார்மல். 'வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்' என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால், குழந்தைக்கு ஆர்த்ரைட்டிஸ் இல்லை என்று சொல்ல இந்த மூன்று டெஸ்ட்டும் போதாது. ஏன் என்று புரிய, மூட்டுக்குள் இருக்கும் திரவத்தைப் பார்க்கணும்.

மூட்டுத் திரவத்தில் என்ன இருக்கு?

ஆரோக்கியமான முட்டிக்குள் சில மில்லி திரவம்தான் இருக்கும். முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பானது. அதில் ஒரு மைக்ரோலிட்டருக்கு வெள்ளை அணுக்கள் 200-க்கும் குறைவு. அழற்சி வந்தால் பொதுவாக 2,000-ஐத் தாண்டும். 50,000-க்கு மேல் போனால், கிருமித்தொற்றா என்று டாக்டர்கள் உடனே சந்தேகிப்பார்கள்.

இந்த அணுக்களும் மூட்டின் உள்சவ்வும் சைட்டோகைன் என்ற புரதங்களைச் சுரக்கின்றன. டி.என்.எஃப், ஐ.எல்-1, ஐ.எல்-6 ஆகியவை முக்கியமானவை. 'இங்கே வாங்க' என்று மேலும் அணுக்களை வரவழைப்பதுதான் இவற்றின் வேலை. இவையே அழற்சிக் குறியீடுகள். குழந்தைகள், பெரியவர்கள் இரு தரப்பின் வீங்கிய மூட்டுகளிலும் இவை இருக்கின்றன.

அப்போ ரத்தத்தில் ஏன் தெரியலை?

சி.ஆர்.பி உருவாவது ஈரலில். மூட்டில் சுரக்கும் ஐ.எல்-6 போதுமான அளவு ரத்தத்தில் கலந்து ஈரலை எட்டினால்தான் சி.ஆர்.பி ஏறும். ஒரே ஒரு முட்டியில் அழற்சி என்றால், அதன் திரவத்தில் ஐ.எல்-6 பல மடங்கு கூடியிருந்தாலும் ரத்தத்தில் பெரிதாகத் தெரியாமல் போகலாம்.

பெரியவர்களுக்கு வருவதும் இதுவும் ஒண்ணா?

16 வயதுக்குள் தொடங்கி, 6 வாரமாவது நீடித்து, வேறு காரணம் கண்டுபிடிக்க முடியாத மூட்டு அழற்சியை ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ் என்கிறார்கள். இது ஒரே நோய் இல்லை, பல நோய்களின் குடும்பம்.

* ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவாக, பல மூட்டுகளைத் தாக்கும் வகை: பெரியவர்களின் முடக்குவாதத்தின் சிறுவயது வடிவம். பாதிக்கப்படும் குழந்தைகளில் இவர்கள் சிறுபான்மைதான். அதனால்தான் 'ஆர்.ஏ. நெகட்டிவ்' என்பது குழந்தைகளில் ஒரு பதிலே இல்லை.
* 4 மூட்டுகள் வரை மட்டும் தாக்கும் வகை: சின்னஞ்சிறு பெண் குழந்தைகளிடம் அதிகம். பெரியவர்களில் இதற்கு நேரான ஜோடி கிடையாது.
* விடாத காய்ச்சல், தோல் தடிப்புடன் வரும் வகை: 1897-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் குழந்தைகளிடம் விவரித்தது. 1971-ல் எரிக் பைவாட்டர்ஸ் இதையே பெரியவர்களிடமும் பதிவு செய்தார். இங்கே ஐ.எல்-1, ஐ.எல்-6, ஐ.எல்-18 ஆதிக்கம் செலுத்துகின்றன.

இதைத் தெரிஞ்சு என்ன பயன்?

மருந்தே இதிலிருந்துதான் வந்தது. நோயாளிகளின் மூட்டிலிருந்து எடுத்த செல்களில் டி.என்.எஃப்-ஐத் தடுத்தபோது ஐ.எல்-1-ம் குறைவதை லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி குழு கண்டது. 1992-ல் நோயாளிகளுக்கே அந்தத் தடுப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதே வழியில் வந்த எட்டனர்செப்ட், அமெரிக்காவில் 1998-ல் பெரியவர்களுக்கும் 1999-ல் குழந்தைகளுக்கும் அனுமதி பெற்றது.

ஆனால், காய்ச்சலோடு வரும் வகைக்கு டி.என்.எஃப் தடுப்பு அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. ஐ.எல்-6-ஐத் தடுக்கும் டோசிலிசுமாப்புக்கு 2011-ல் அங்கே அனுமதி கிடைத்த பிறகு நிலைமை மாறியது. எந்தக் குறியீடு நோயை ஓட்டுகிறது என்பதைப் பொறுத்தே மருந்தும் மாறுகிறது.

அப்போ முட்டியில் ஊசி குத்திப் பார்க்கணுமா?

எல்லோருக்கும் தேவையில்லை. தொற்று சந்தேகம் இருந்தாலோ, மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடும்போதோ திரவத்தை எடுப்பார்கள். பெரியவர்களில் கவுட் படிகங்களைத் தேடவும் எடுப்பதுண்டு. சைட்டோகைன் அளவீடு இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூட வேலைதான். குழந்தைக்கு முதலில் தேவை, ஒவ்வொரு மூட்டையும் தொட்டு, மடக்கிப் பார்க்கும் டாக்டர். சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

* வளர்ச்சி வலி பெரும்பாலும் இரவில், இரண்டு கால்களிலும் வரும். காலையில் போய்விடும், வீக்கம் இருக்காது.
* காலையில் விறைப்பு, நொண்டல், ஒரு மூட்டில் தொடர்ந்து வீக்கம் இருந்தால் ருமட்டாலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள்.
* காய்ச்சலோடு ஒரு மூட்டு சூடாகி, குழந்தை அதை அசைக்கவே மறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொற்றாக இருக்கலாம்.
* நோய் உறுதியானால் கண் பரிசோதனை கட்டாயம். வலியும் சிவப்பும் இல்லாமலே கண்ணுக்குள் அழற்சி வந்து பார்வையைப் பறிக்கலாம். கண் டாக்டரின் ஸ்லிட் லேம்ப் பரிசோதனையில்தான் அது தெரியும்.

ரிப்போர்ட் நார்மலா இருக்கட்டும். முட்டி வீங்கியிருந்தால், நம்ப வேண்டியது முட்டியைத்தான்.