காய்ச்சல் இறங்காத பிள்ளைக்கு இன்னொரு பரிசோதனை

பூஞ்சை நோய் என்றால் தேமலும் படர்தாமரையும்தான் நமக்கு நினைவுக்கு வரும். பசுவந்தனைப் பக்கம் கரிசல் காட்டில் பாடுபடுகிறவர்களிடம் ‘மதுரைக்கால்’ பற்றியும் சொல்லவேண்டும். முள் குத்திய பாதத்தில் கிருமி புகுந்து, ஆண்டுக்கணக்கில் வீங்கிச் சீழ் வடியும் நோய் அது. கில் என்ற மருத்துவர் 1842இல் மதுரையில் கண்டு எழுதியதால் ஊர்ப்பெயரே நோய்க்கு நின்றுவிட்டது.

இவை கண்ணுக்குத் தெரிகிறவை. உடம்புக்குள் பரவும் பூஞ்சை அப்படியல்ல. எச்.ஐ.வி., புற்றுநோய் போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கே அது பெரும்பாலும் வரும். அபூர்வமாக, நேற்றுவரை ஓடியாடிய பிள்ளைக்கும் வருகிறது. இந்திய மருத்துவர்களும் சீன மருத்துவர்களும் அத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

கிரிப்டோகாக்கஸை எடுத்துக்கொள்வோம். புறா எச்சம் கலந்த மண்ணிலும் மரப்பொந்தின் உளுத்த கட்டையிலும் இருக்கும். மூச்சோடு உள்ளே போகும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. பெரியவர்களிடம் இது பெரும்பாலும் மூளைக்காய்ச்சலாக வெளிப்படும். குழந்தைகள் பலரிடமோ வாரக்கணக்கில் இறங்காத காய்ச்சல், கழுத்திலும் வயிற்றுக்குள்ளும் நெறிகட்டு, ஈரல், மண்ணீரல் வீக்கம். சிலருக்கு ரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் ஏறிவிடும். அதைப் பார்த்துப் பூச்சித் தொல்லை என்றோ ஒவ்வாமை என்றோ நினைக்க இடமுண்டு. மற்றதெல்லாம் அப்படியே டி.பி. மாதிரி.

டி.பி. மிகுந்த நாட்டில் மருத்துவர் முதலில் அதைச் சந்தேகிப்பது சரியே. கிருமி அகப்படாமலேயே மாத்திரை தொடங்கி, குணம் தெரியாதபோதும் மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் ஆபத்து. இடையில் ஸ்டீராய்டு கொடுத்தால் பூஞ்சை இன்னும் வேகமாகப் பரவும்.

விடை பெரும்பாலும் நெறிகட்டியிலிருந்து எடுக்கும் சிறு சதைத்துண்டில் இருக்கிறது. ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும். நுண்ணோக்கியில் பார்க்கலாம், வளர்த்துப் பார்க்க முடியாது. ஆகவே ஒரு பகுதியைக் கிருமி நீக்கிய சலைனில் தனியாக அனுப்பவேண்டும். கிரிப்டோகாக்கஸுக்கு ரத்தத்திலேயே ஆன்டிஜன் பரிசோதனையும் உண்டு. நோய் உறுதியானால் ஆம்போடெரிசின் ஊசியும் பிறகு பல மாதம் ஃப்ளூகோனசோல் மாத்திரையும் உண்டு. ஊசி போடும் நாட்களில் சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் கவனிக்கவேண்டும்.

குணமானதோடு விட்டுவிடக்கூடாது. பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தியில் குறை இருந்து, இந்த நோய்தான் அதன் முதல் அடையாளமாக இருக்கலாம். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுதல். இதில் வெட்கப்படவோ யாரையும் குறைசொல்லவோ ஒன்றுமில்லை; எதிர்ப்புச் சக்திக்கான பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

டி.பி. மருந்து தொடங்கியும் காய்ச்சல் இறங்காத பிள்ளை வீட்டில் இருந்தால், மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். கோவில்பட்டியிலோ தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ பார்க்கும் மருத்துவரிடம், “பூஞ்சைக்கும் பார்த்தாச்சா, ஐயா?” என்று தயங்காமல் கேளுங்கள்.