பத்துக்குப் பத்து அறையில் ஒரு தியேட்டர்

சென்ற தீபாவளிக்கு டோம்பிவிலியில் இருக்கும் என் அண்ணன் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், சமையலறை கொண்ட பிளாட். "சித்தப்பா, ஹோம் தியேட்டர் போட்டிருக்கேன், நீங்க இன்ஜினீயராச்சே, பார்த்துச் சொல்லுங்க" என்று உள்ளே அழைத்துப் போனான். போனால், அது என் அண்ணியாரின் அறை. சுவாமி படங்கள் இருந்த சுவரில் வெள்ளைத் திரை தொங்குகிறது. ஜன்னலை அடைத்துக் கறுப்புத் துணி போட்டாகி விட்டது. சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர்கள், மூலையில் சின்னப் பீரோ அளவுக்கு ஒரு சப்வூஃபர். செலவு மூன்றரை லட்சம். அண்ணியாருக்கு ஹாலில் திவான். "எனக்கென்ன தம்பி, எங்கே படுத்தாலும் தூக்கம்தான்" என்றார். அவர் தூங்குவதில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

படம் போட்டுக் காட்டினான். லாரி உறுமினால் நெஞ்சுக்குள் உறுமுகிறது. ஆனால் கதாநாயகன் என்ன பேசினான் என்பது மட்டும் கடைசி வரை எனக்குப் புரியவில்லை. வயதாகி விட்டது என்று முதலில் நினைத்தேன். அவன் மனைவிக்கும் புரியவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாயிற்று.

இப்போது நம் அன்பர்கள் பலர் வீட்டில் இந்த ஆசை வந்திருக்கிறது. தவறில்லை. நான் சொல்ல வந்தது, மூன்று படுக்கையறைக்குக் குறைந்த பிளாட்டில் சினிமாவுக்கென்று தனி அறை ஒதுக்கவே கூடாது என்பது. மனிதர் இடத்தைப் பறிக்கிறது என்பது ஒரு காரணம். அதையும் தாண்டி, அந்த அறை அதற்கு லாயக்கில்லை.

கணக்கு சுலபம். ஒலி நொடிக்குச் சுமார் 1,130 அடி ஓடுகிறது. அறையின் நீளத்தை இரண்டால் பெருக்கி, அதனால் 1,130ஐ வகுத்தால், எந்த அதிர்வெண்ணில் அந்த அறை தானே முழங்கும் என்று தெரிந்துவிடும். பத்து அடிக்கு 56 ஹெர்ட்ஸ். நீளமும் பத்து, அகலமும் பத்து, கூரை உயரமும் ஏறக்குறைய பத்து என்றால் மூன்று முழக்கமும் ஒரே இடத்தில் வந்து சேரும். குண்டு வெடித்தால் அது அடங்குவதற்குள் அடுத்த வசனம் வந்துவிடுகிறது. வசனம் அமுங்கிப் போகிறது. சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் இன்னும் மோசம், சுவரோரம்தான் முழக்கம் மிக அதிகம். எத்தனை லட்சத்துக்கு ஸ்பீக்கர் வாங்கினாலும் அறையின் அளவு மாறாது. ஹால் பதினைந்துக்குப் பத்து இருந்தால் கூட இந்தத் தொல்லை ஓரளவு குறையும்.

அடுத்தது எதிரொலி. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசினால் யாருக்கும் புரியவில்லையாம். சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவிரவாகச் சுமந்து வந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து, கட்டட ஒலியியலுக்கே அடிப்படைச் சூத்திரம் கண்டார். நம் வீட்டில் இருக்கும் பஞ்சு மெத்தை, ஜமுக்காளம், கனத்த திரைச்சீலை, புத்தக அலமாரி எல்லாம் அந்த வேலையைத்தான் செய்கின்றன. அண்ணன் மகன் என்ன செய்தான்? கட்டிலையும் மெத்தையையும் வெளியே தள்ளிவிட்டு, வழவழப்பான டைல்ஸ் மேல் ஸ்பீக்கரை வைத்தான்! பிறகு கடைக்காரர் சொல்படி சுவரில் பஞ்சுப் பலகை ஒட்டினான், சத்தம் வெளியே போகாது என்று. பஞ்சு எதிரொலியைக் குறைக்கும்; அடுத்த வீட்டுக்குப் போவதைத் தடுக்காது. அதற்குக் கனம் வேண்டும். நாலரை அங்குலச் செங்கல் சுவரை ஒன்பது அங்குலமாக்கினால் கூடக் கூடுதலாக ஐந்து, ஆறு டெசிபல்தான் குறையும். கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால், கதவு எவ்வளவு கனமானாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. தாழ்ந்த ஒலியோ சுவர், தளம் எல்லாவற்றிலும் ஊடுருவி நடக்கும்.

அது போய்ச் சேர்ந்த இடம் அடுத்த பிளாட். மராட்டியக் குடும்பம். அண்ணன் காலமான அன்று முதலில் ஓடி வந்தவர்கள். அவர்கள் பையனுக்குப் பத்தாம் வகுப்பு. அந்த அம்மாள் இரண்டு முறை சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தார், மூன்றாம் முறை சொசைட்டி செயலாளரிடம் கடிதம் கொடுத்தார். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் அளவு. அண்ணன் மகன் செல்போனில் அளந்து காட்டி வாதாடத் தயாரானான். சட்டம் நம் பக்கமே இருந்தாலும், ஊரை விட்டு வந்து பிழைக்கும் நமக்கு அடுத்த வீடுதானே உறவு? டெசிபல் கணக்கில் அந்த வீட்டைத் தோற்கடித்து என்ன காணப் போகிறோம்?

எங்கள் ரயில்வே காலனியில் இன்ஸ்டிடியூட் மைதானத்தில் 16 எம்.எம். படம் போடுவார்கள். எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம். தமிழுக்கு முறை வந்தால் டி.வி. உள்ள வீட்டு ஹாலில் இருபது பேர், அதில் வங்காளியும் உண்டு. ஒலி சுமார்தான். அன்றைய நிலைமை திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கால் நீட்ட இடமிருக்காது. ஆனால் ஹாலில் நடந்ததால்தான் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார முடிந்தது.

ஆகவே ஹாலிலேயே வையுங்கள். நவராத்திரிக்குக் கொலுப்படி வைப்பதும் அதே சுவரோரம்தான் என்பதால், ஸ்பீக்கரைச் சுவரில் பதிக்காமல் நகர்த்தும்படி வைப்பது உத்தமம். டைல்ஸ் மாற்றும்போதே கம்பிகளுக்குக் குழாய் போட்டு விடுங்கள். எர்த் சரியாக இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் வண்டு ரீங்காரம் கேட்கும், முதலில் அதைப் பாருங்கள். சோபாவைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுங்கள். பணத்தில் பெரும்பங்கு நடு ஸ்பீக்கருக்குப் போகட்டும். வசனம் பெரும்பாலும் அதில்தான் வருகிறது. வயதானவர்களுக்கு ச, த போன்ற மெய்யொலிகள் மங்கிக் கேட்கும். ஆம்ப்ளிஃபையரில் நடு ஸ்பீக்கரை மட்டும் சற்று உயர்த்தி வைத்தால் அவர்களுக்கும் படம் புரியும்.

அண்ணன் மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு திரை ஹாலுக்கு வந்தது, அண்ணியார் கட்டில் அறைக்குப் போயிற்று. போன வாரம் "பராசக்தி" போட்டோம். அண்ணியார் வசனத்துக்கு முன்னால் வசனம் சொல்லி எங்களைக் கேட்க விடாமல் செய்துவிட்டார். சப்வூஃபர் மட்டும் பரணில் இருக்கிறது. கான்கிரீட் ஸ்லீப்பருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ரப்பர் பேட் வைப்போமே, அதுபோல அடியில் வைத்தால் சரியாகுமா என்று கேட்கிறான். தளத்தின் வழியே போவது ஓரளவு குறையும், காற்று வழியே போவது குறையாது என்றேன். எதற்கும் அடுத்த வீட்டுப் பையனின் பரீட்சை முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.