தண்ணீர்மலைக் காட்டையும் காப்போம்



கொடிமலை எனும் பினாங்கு மலையில் நடந்த மலை விழாவுக்குப் பிள்ளைகளுடன் சென்றிருந்தேன். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமிட்ட லங்கூர் குரங்கொன்று இளந்தளிர் கிள்ளித் தின்றதை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். இம்மலையை 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. பினாங்கின் தெலுக் பஹாங்கில் இக்குரங்குகள் அடிபடாமல் சாலையைக் கடக்க, லங்கூர் புரோஜெக்ட் பினாங்கு குழுவினர் 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களால் மரத்துக்கு மரம் பாலம் கட்டினார்கள்.

காட்டைக் காப்பதில் நம் பங்கு என்ன? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் நாம், அங்குள்ள குரங்குகளுக்குத் தீனி போடக்கூடாது. நெகிழிக் குப்பையைக் காட்டோரம் வீசக்கூடாது. தமிழ்ப்பள்ளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாணவர்களைக் காட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பார்த்துப் பழகிய காட்டைத்தான் பிள்ளைகள் நாளை காப்பாற்றுவார்கள்.

– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு