4.1 கோடி இலக்கம் கொண்ட பகா எண்: கண்டுபிடித்தது எப்படி? வங்கிக் கணக்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பது ஒரு பகா எண். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். நொடிக்கு ஒரு இலக்கம் என்று தூங்காமல் எழுதினாலும் 474 நாட்களுக்கு மேல் ஆகும்! என்விடியா நிறுவனத்தின் முன்னாள் ஊழியரான அமெரிக்கர் லூக் டுரான்ட் 2024 அக்டோபரில் இதைக் கண்டுபிடித்து, பெரிய பகா எண்களுக்கான சாதனையை முறியடித்தார்.

பகா எண்களுக்கு முடிவே கிடையாது என்று யூக்ளிட் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே நிரூபித்துவிட்டார். அப்போ, இதைவிடப் பெரியது நிச்சயம் இருக்கு. அது எது என்று காட்டுவதுதான் கஷ்டம்.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

சின்ன எண்களாக இருந்தால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்துவிடலாம். 4 கோடி இலக்கத்துக்கு அது நடக்காத காரியம். ஆனால் 2-இன் அடுக்கில் 1 குறைவாக இருக்கும் 'மெர்சென்' எண்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 4-இல் தொடங்கணும். அதை வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளணும். இதையே திரும்பத் திரும்பச் செய்யணும்.

31-ஐப் பாருங்கள். ஐந்து இரண்டுகளைப் பெருக்கினால் 32, அதில் 1 குறைவு. 4-இன் வர்க்கம் 16, 2 போக 14. அதன் வர்க்கம் 196, 2 போக 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8. அதன் வர்க்கம் 64, 2 போக 62, மீதி 0. பூஜ்ஜியம் வந்துவிட்டதால் 31 பகா எண். மூன்றே சுற்றில் முடிஞ்சது. புதிய எண்ணுக்கோ 13.6 கோடிச் சுற்றுகள். நடுவில் ஒரு இலக்கம் பிசகினாலும் அத்தனையும் வீண்.

மாறியது என்ன?

உண்மையில் எண்ணைவிட இதுதான் பெரிய செய்தி. 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மேன் தொடங்கிய 'கிம்ப்ஸ்' திட்டத்தில் தன்னார்வலர்களின் சாதாரணக் கணினிகள், சும்மா இருக்கும் நேரத்தில், இந்தக் கணக்கைப் போடும். 2018-இன் சாதனையும் அப்படி வந்ததுதான். டுரான்ட் 17 நாடுகளில் உள்ள டேட்டா சென்டர்களில் ஜிபியுக்களை இணைத்து இறங்கினார். அக்டோபர் 11-இல் டப்ளினில் இருந்த ஒரு ஜிபியு 'பகா எண்ணாக இருக்கலாம்' என்றது. மறுநாள் டெக்சாஸில் இருந்த இன்னொன்று உறுதி செய்தது. 28 ஆண்டுகளாகக் கொடிகட்டிப் பறந்த வீட்டுக் கணினிகளுக்கு இனி போட்டி கடினம்தான்.

நமக்கு என்ன பயன்?

நேரடியாக எதுவும் இல்லை. ஆன்லைன் வங்கிப் பாதுகாப்புக்குப் பகா எண்கள் பயன்படுவது உண்மை. ஆனா அங்கே தேவைப்படுபவை சில நூறு இலக்கங்கள் கொண்டவை, அதுவும் ரகசியமானவை. ஊருக்கே தெரிந்த எண்ணை வைத்து யாராவது பூட்டுப் போடுவார்களா? இதனால் பூட்டு உடையும் என்ற பயமும் வேண்டாம்.

டுரான்டுக்குக் கிடைக்கும் பரிசு 3,000 டாலர். அதைத் தான் படித்த அலபாமா பள்ளியின் கணிதத் துறைக்குக் கொடுக்கப்போவதாக அவர் அறிவித்தார். 10 கோடி இலக்கப் பகா எண்ணை முதலில் கண்டுபிடிப்பவருக்கு 1,50,000 டாலர் என்ற பரிசு தனியாக இருக்கிறது. இந்த எண் அதில் பாதித் தூரத்தைக்கூட எட்டவில்லை.