வாக்குரிமையும் தோட்டப் பாடசாலையும்

மலையகம் கல்வியில் பின்தங்கியமைக்குப் பெற்றோரின் அறியாமையே காரணம் என மாணவர் பலர் எழுதுகின்றனர். இவ்விடையை நான் ஏற்பதில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் பல ஆசனங்களைப் பெற்றது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தையும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தத்தையும் தொடர்ந்து, தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலானோர் வாக்குரிமையை இழந்தனர். 1952 இல் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. வாக்கில்லாத லயத்தை எந்த வேட்பாளர் எட்டிப் பார்ப்பார்? 1945 இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி ஊருக்கு ஊர் பரவியபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே கிடந்தன. (பல இடங்களில் ஒரே ஆசிரியர், ஒரே மண்டபம்.) அவற்றுட் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களிலேயே. நாடற்றோராக எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம். விடையில் இவ்வாண்டையும் குறிப்பிடுக.