முகம் தெரியாத போப் ஆண்டவர் சிலை: ரோம் ஜனங்கள் கொதித்தது ஏன்?

இத்தாலி நாட்டு ரோம் நகரில் பெரிய ரெயில் நிலையம், டெர்மினி. அதன் வாசலில் 2011 மே 18ந் தேதி ஒரு சிலை திறக்கப்பட்டது. மறைந்த போப் ஆண்டவர் 2-ம் ஜான்பாலின் பிறந்த நாள் அன்று. சுமார் 16 அடி உயரம். வெண்கலம்.

திரை விலகியதுதான் தாமதம். "இது யார்?" என்று கேட்டார்கள் ஜனங்கள். "முசோலினி மாதிரி இருக்கிறதே!" என்று சிலர் முகம் சுளித்தார்கள்.

காவல் கூண்டா?

போப் ஆண்டவர் தன் மேலங்கியை விரித்து ஒரு குழந்தையை அணைக்கும் போட்டோ உண்டு. அதை வைத்துத்தான் சிற்பி ஒலிவியேரோ ரைனால்டி சிலை செய்தார். எல்லோருக்கும் அடைக்கலம் தருகிறார் என்று அர்த்தம். எண்ணம் நல்லதுதான். ஆனால் ஜனங்கள் பார்த்தது, உள்ளே ஒன்றும் இல்லாத ஒரு பெரிய அங்கி. மேலே உருண்டையாக ஒரு தலை.

வாடிகன் பத்திரிகையே விடவில்லை. காவலாளி நிற்கும் கூண்டு போல இருக்கிறது, சாயலே இல்லை என்று எழுதிவிட்டது.

கோபம் ஏன்?

ஜான்பால் 26 வருஷத்துக்கு மேல் போப் ஆண்டவராக இருந்தவர். 2005-ல் அவர் இறந்தபோது லட்சக்கணக்கில் கூடி அழுத ஊர் அது. சிலை திறப்பதற்கு 17 நாள் முன்புதான் அவருக்கு 'அருளாளர்' பட்டம் கொடுத்திருந்தார்கள். 1986 பிப்ரவரியில் சென்னை பரங்கிமலைக்கு அவர் வந்தபோது பார்த்தவர்களுக்கும் அந்த முகம் மறக்காது. அந்த முகத்தைத்தான் ஜனங்கள் தேடினார்கள். கிடைக்கவில்லை.

இடமும் ஒரு காரணம். பொருட்காட்சி சாலை என்றால் இஷ்டப்பட்டவர் போவார். ரெயில் நிலைய வாசலில் அப்படியா? வண்டி பிடிக்க ஓடுகிறவர் எல்லோரும் தினம் பார்த்தே தீரவேண்டும்.

சிலை, ஓர் அறக்கட்டளை கொடுத்த நன்கொடை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? ரோம் ஜனங்கள் பார்த்தார்கள்! மாட்டைக் கட்டுவது அவர்கள் வாசலில் அல்லவா!

தலை மாறியது

அப்போதைய மேயர் அலெமானோ, ஜன அபிப்பிராயத்துக்கு இறங்கி வந்தார். நிபுணர் கமிட்டி போட்டார். பாகங்களைச் சரியாகப் பொருத்தவில்லை என்பது சிற்பி தரப்பு வாதம். கடைசியில் அவரே முன் நின்று முகத்தையும் அங்கியையும் திருத்தினார். 2012 நவம்பரில் மறுபடி திறப்பு விழா நடந்தது. முகத்தில் கனிவு வந்திருந்தது. கூச்சலும் அடங்கியது.

2014-ல் ஜான்பால் புனிதர் ஆனார். சிலை டெர்மினி வாசலிலேயே நிற்கிறது.

அதிகாரிகள் முதலில் சம்மதம் சொன்னது காகிதத்தில் வரைந்த படத்தைப் பார்த்து. காகிதத்தில் அழகாக இருப்பது 16 அடியில் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு மாதிரியைச் செய்து அதே வாசலில் பத்து நாள் நிறுத்தியிருந்தால், வண்டி பிடிக்க ஓடுகிறவர்களே சொல்லியிருப்பார்கள். ஒன்றரை வருஷத் தலைவலி மிச்சமாகி இருக்கும்.