பர்சில் லைசென்சு இருக்கு... தேதி இருக்கா? கவனிக்காத டிரைவர்களுக்கு காத்திருக்கும் சிக்கல்

திருப்பூர்,

பனியன் கம்பெனிக்கு பீஸ் ஏற்றிப் போகும் வேன் டிரைவர், சாயப்பட்டறைக்கு லோடு அடிக்கும் டெம்போ டிரைவர், இரவு ஷிப்டு முடிந்து பைக்கில் வீடு திரும்பும் டெய்லர் என்று யாரை நிறுத்திக் கேட்டாலும் "லைசென்சு இருக்கு சார்" என்று உடனே பர்சை எடுப்பார்கள். "எந்த தேதி வரைக்கும் இருக்கு?" என்று கேட்டால்தான் பலருக்கு முழி பிதுங்கும்.

லைசென்சு எடுப்பது ஒரு தடவை வேலை. அதை உயிரோடு வைத்திருப்பது காலம் முழுக்க உள்ள வேலை. எட்டு போட்டு பாஸ் ஆன நாளை யாரும் மறப்பதில்லை. ஆனால் கார்டில் அச்சடித்த கடைசி தேதியை யாரும் பார்ப்பதில்லை. இப்போது சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

20 வருட லைசென்சு முடியும் நேரம்

2019-க்கு முன்பு சொந்த வண்டி ஓட்ட லைசென்சு எடுத்தவர்களுக்கு 20 வருடம் அல்லது 50 வயது, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும் என்று போட்டுக் கொடுத்தார்கள். 2005, 2006-ம் ஆண்டுகளில் 20 வயதைத் தாண்டிய நேரத்தில் லைசென்சு எடுத்தவர்களுக்கு 2025, 2026-ம் ஆண்டுகளில் கெடு முடிகிறது. அன்று கல்யாணம் ஆகாத பையன்களாக இருந்தவர்கள் இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக் கொண்டு போகிறார்கள். 20 வருடத்துக்கு முந்தைய தேதி ஞாபகத்தில் இல்லாததில் ஆச்சரியம் இல்லை.

2019-ல் மோட்டார் வாகன சட்டம் திருத்தப்பட்ட பிறகு கணக்கு மாறி விட்டது. 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை செல்லும். 30 முதல் 50 வயதுக்குள் எடுத்தாலோ, புதுப்பித்தாலோ 10 வருடம். 50-க்கு மேல் 55-க்குள் என்றால் 60 வயது வரை. 55-ஐ தாண்டி விட்டால் 5 வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும்.

லாரி, பஸ் போன்ற வண்டிகளை ஓட்டும் டிரான்ஸ்போர்ட் லைசென்சுக்கு முன்பு 3 வருடம். இப்போது 5 வருடம். கியாஸ், கெமிக்கல் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றும் டிரைவர்களுக்கு 3 வருடம்தான்.

போய் விட்ட 30 நாள்

பழைய சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. லைசென்சு தேதி முடிந்தாலும் அடுத்த 30 நாளுக்கு அது செல்லும். "ஒரு மாசம் டைம் இருக்குல்ல, பார்த்துக்கலாம்" என்று இன்றைக்கும் ஸ்டாண்டில் பேசிக் கொள்கிறார்களே, அது இந்த பழைய கணக்குதான். 2019 திருத்தத்தில் அந்த 30 நாளை எடுத்து விட்டார்கள். தேதி முடிந்த மறுநாளே வண்டியைத் தொட்டால் லைசென்சு இல்லாமல் ஓட்டியதாகத்தான் அர்த்தம்.

அதற்குப் பதில் புதுப்பிப்பதற்கு தாராளமாக நேரம் கொடுத்திருக்கிறார்கள். தேதி முடிவதற்கு ஒரு வருடம் முன்பே மனு போடலாம். முடிந்த பிறகும் ஒரு வருடத்துக்குள் போடலாம். இதைத்தான் பலர் தப்பாகப் புரிந்து கொள்கிறார்கள். அந்த ஒரு வருடம் மனு போடுவதற்கு மட்டும்தான். வண்டி ஓட்டுவதற்கு இல்லை.

அந்த ஒரு வருடத்தையும் விட்டு விட்டால் மறுபடியும் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்டி பாஸ் ஆக வேண்டும். 25 வருடம் லாரி ஓட்டியவராக இருந்தாலும் சரி, புதுப்பையனோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அபராதம் சின்னது, நஷ்டஈடு பெரியது

லைசென்சு இல்லாமல் ஓட்டினால் முன்பு ரூ.500 அபராதம். இப்போது ரூ.5 ஆயிரம். தமிழ்நாட்டில் புதிய அபராதத் தொகை 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தது. லைசென்சு இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் தனியாக ரூ.5 ஆயிரம். வாரக்கூலி வாங்கும் குடும்பத்துக்கு இதுவே பெரிய அடி. ஆனால் உண்மையான அடி இது இல்லை.

ஒரு டெம்போ டிரைவருக்கு லைசென்சு முடிந்து 3 மாதம் ஆகி விட்டது என்று வைத்துக் கொள்வோம். முதலாளிக்கும் அது தெரியும். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று இரண்டு பேருமே தள்ளிப் போடுகிறார்கள். ஒருநாள் காலையில் சைக்கிளில் வந்தவர் மீது வண்டி மோதி அவர் இறந்து போகிறார். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. குடும்பத்துக்கு லட்சக்கணக்கில் நஷ்டஈடு கொடுக்க கோர்ட்டு உத்தரவு போடுகிறது.

இன்சூரன்ஸ் கம்பெனி அந்தப் பணத்தை முதலில் இறந்தவர் குடும்பத்துக்குக் கட்டி விடும். பிறகு, லைசென்சு இல்லாதவர் என்று தெரிந்தே வண்டியைக் கொடுத்தார் என்பது நிரூபணம் ஆனால், அந்தப் பணம் முழுவதையும் உரிமையாளரிடம் திருப்பிக் கேட்கும். 2004-ல் சுவரண் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்புக்குப் பிறகு இந்த மாதிரி வழக்குகள் இப்படித்தான் போகின்றன.

சொந்த பைக் ஓட்டுகிறவருக்கு டிரைவரும் அவரே, உரிமையாளரும் அவரே. லைசென்சு முடிந்தது தெரியாது என்று அவர் சொல்லவும் முடியாது. வீட்டுப் பத்திரம், மனைவியின் நகை என்று எல்லாமே அந்தக் கணக்கில் போய் விடும். கார்டில் உள்ள ஒரு தேதிக்கு இருக்கும் விலை இதுதான்.

புரோக்கர் பின்னால் ஏன் போகிறார்கள்?

திருப்பூரில் வடக்கு, தெற்கு என்று இரண்டு ஆர்.டி.ஓ. அலுவலகங்கள், தாராபுரத்தில் ஒன்று. இவை தவிர ஊர்களில் பகுதி அலுவலகங்களும் இருக்கின்றன. எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனாலும் வாசலில் ஒரு கூட்டம் நிற்கும். "என்னண்ணா, லைசென்சா? ரெனிவலா?" என்ற குரல் கேட்கும்.

புரோக்கரிடம் போகிறவர்கள் எல்லாம் விவரம் இல்லாதவர்கள் இல்லை. அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. "ஒரு நாள் லீவு போட்டா அந்த ஷிப்டு சம்பளம் போச்சு. ரெண்டு நாள் அலைஞ்சா சனிக்கிழமை கையில என்ன நிக்கும்?" என்பதுதான் அந்தக் கணக்கு. கம்ப்யூட்டரில் மனு போடத் தெரியாத பயம், எட்டு போடும்போது கால் ஊன்றி விடுவோமோ என்ற பயம் இரண்டும் சேர்ந்து கொள்கிறது.

ஆனால் அரசுக் கட்டணத்தைப் பார்த்தால் மலைப்பாக இல்லை. 2016 கடைசியில் மத்திய அரசு நிர்ணயித்த கட்டணப்படி எல்.எல்.ஆருக்கு ஒரு வகை வண்டிக்கு ரூ.150, அதற்கான தேர்வுக்கு ரூ.50. ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு ரூ.300, லைசென்சு வழங்க ரூ.200. கெடுவுக்குள் புதுப்பித்தால் ரூ.200. கார்டு, சேவைக் கட்டணம், தபால் செலவு தனி. இதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேட்டுப் பார்த்தால் விஷயம் புரிந்து விடும்.

எல்.எல்.ஆர். மனுவை மத்திய அரசின் 'பரிவாகன்' இணையதளத்தில் வீட்டில் இருந்தே போடலாம். கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் 2024 மார்ச் முதல் அங்கேயும் எல்.எல்.ஆர். மனு போடுகிறார்கள். லைசென்சு கார்டும் 2024 பிப்ரவரி கடைசியில் இருந்து தபாலில்தான் வருகிறது. கையில் வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விலாசம் சரியாக இருக்க வேண்டியதுதான் முக்கியம்.

வெளியூரில் இருந்து வந்து இங்கே வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு தகவல். மதுரையில் எடுத்த லைசென்சை மதுரையில்தான் புதுப்பிக்க வேண்டும் என்று பஸ் ஏறத் தேவையில்லை. மாநிலத்துக்குள் எந்த அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது.

புதிதாக எடுப்பவர்களுக்கு

கியர் வண்டிக்கு 18 வயது. 50 சி.சி.க்கு மேல் போகாத கியர் இல்லாத வண்டிக்கு 16 வயதில் லைசென்சு உண்டு. "ஸ்கூட்டிதானே, கியர் இல்லையே" என்று 16 வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுக்க முடியாது. இன்று ரோட்டில் ஓடும் ஸ்கூட்டர்கள் அநேகமாக எல்லாமே 100 சி.சி.க்கு மேல்தான். அதற்கு 18 வயது ஆக வேண்டும். சிறுவன் ஓட்டி மாட்டினால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு ரூ.25 ஆயிரம் அபராதமும் 3 வருடம் வரை ஜெயிலும் கிடைக்கும். வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்தாகும். அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது. டிரைவர் வேலையை நம்பியுள்ள குடும்பத்துப் பையனுக்கு அது பிழைப்பையே அடைப்பது போல.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போக முடியும். அதுவரை வண்டியில் வெள்ளையில் சிவப்பு 'எல்' போர்டு இருக்க வேண்டும். கார் பழகுபவர் பக்கத்தில் லைசென்சு உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும். தேர்வில் பெயில் ஆனால் 7 நாள் கழித்து மறுபடியும் வரலாம். மூன்று தடவை பெயில் ஆனால் 60 நாள் காத்திருக்க வேண்டும்.

லாரி, பஸ் பக்கம் போக நினைப்பவர்கள் முதலில் கார் லைசென்சு எடுத்து ஒரு வருடம் ஆகி இருக்க வேண்டும். வயது 20 ஆக வேண்டும். டிரைவிங் ஸ்கூல் சான்றிதழும் வேண்டும். முன்பு 8-ம் வகுப்பு பாஸ் என்று ஒரு நிபந்தனை இருந்தது. படிப்பு ஏறாமல் கிளீனர் வேலைக்கு வந்த எத்தனையோ பேர் அதனாலேயே கடைசி வரை கிளீனராகவே இருந்தார்கள். 2019-ல் அந்த நிபந்தனையை எடுத்து விட்டார்கள். இது இன்னும் பலருக்குத் தெரியாது.

பேட்ஜ் வேண்டுமா, வேண்டாமா?

கார் லைசென்சு வைத்துக் கொண்டு மஞ்சள் போர்டு கார், 'குட்டி யானை' ஓட்டலாமா என்பது ரொம்ப நாள் சண்டை. 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு ஓட்டலாம் என்றது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் விடவில்லை. கடைசியில் 2024 நவம்பர் 6-ந் தேதி 5 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்ச் முடிவாகச் சொல்லி விட்டது. சரக்கோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் டிரான்ஸ்போர்ட் வண்டியை கார் லைசென்சு உள்ளவர் ஓட்டலாம். தனி அனுமதி தேவையில்லை.

ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை போட்டிருக்கும். அதை ஒரு தடவை பார்த்துக் கொள்வது நல்லது. 7,500 கிலோவைத் தாண்டினால் இந்தத் தீர்ப்பு கைகொடுக்காது.

பேட்ஜ் எடுத்தவர்களின் கார்டில் இரண்டு தேதி இருக்கும். ஒன்று சொந்த வண்டிக்கு, இன்னொன்று டிரான்ஸ்போர்ட்டுக்கு. முதல் தேதியை மட்டும் பார்த்து விட்டு "இன்னும் 8 வருஷம் இருக்கு" என்று லாரி எடுத்துப் போகிறவர்கள் உண்டு. லாரிக்கு இரண்டாவது தேதிதான் கணக்கு.

பறிபோகும் லைசென்சு

தேதி இருந்தாலும் லைசென்சு போகலாம். சுப்ரீம் கோர்ட்டு அமைத்த சாலைப் பாதுகாப்பு கமிட்டி 2015-ல் ஒரு உத்தரவு போட்டது. அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, குடித்து விட்டு ஓட்டுவது, செல்போன் பேசிக் கொண்டு ஓட்டுவது, அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது ஆகிய 6 குற்றங்களுக்கு குறைந்தது 3 மாதம் லைசென்சை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதுதான் அது.

கடைசியில் சொன்ன குற்றத்தில்தான் நம்மூர் டிரைவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. கோவில் நோன்பு, கல்யாணம், கட்டிட வேலை என்று லோடு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சகஜம். "தெரிஞ்சவங்கதான், வாடகையே வாங்கல" என்று சொன்னாலும் சட்டம் ஒன்றுதான். நிறுத்தி வைத்த காலத்தில் வண்டி ஓட்டினால் ரூ.10 ஆயிரம் அபராதம் அல்லது 3 மாதம் வரை ஜெயில். டிரைவருக்கு 3 மாதம் வண்டி இல்லை என்றால் 3 மாதம் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம்.

இன்று இரவே செய்யலாம்

2017-ல் அசல் லைசென்சு கையில் இருந்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் பெரிய அமளி நடந்தது. 2018-க்குப் பிறகு 'டிஜிலாக்கர்', 'எம்-பரிவாகன்' செயலியில் காட்டினாலும் செல்லும். அதற்கு லைசென்சில் உள்ள செல்போன் நம்பர் இப்போது கையில் இருக்கும் நம்பராக இருக்க வேண்டும். சிம் மாற்றியவர்கள் நம்பரையும் மாற்றி விட வேண்டும். இல்லையென்றால் ஓ.டி.பி. யாருக்கோ போகும்.

40 வயதைத் தாண்டியவர்களும், டிரான்ஸ்போர்ட் டிரைவர்களும் புதுப்பிக்கும்போது டாக்டர் சான்றிதழ் தர வேண்டும். கண் பார்வை மங்கியதை மறைத்து லைசென்சு வாங்கி விடலாம். எதிரே வரும் லாரியிடம் மறைக்க முடியாது.

வேலை தருகிற முதலாளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. டிரைவரின் லைசென்சு தேதியை வண்டி எப்.சி. தேதி, இன்சூரன்ஸ் தேதியோடு சேர்த்து காலண்டரில் எழுதி வைக்கலாம். புதுப்பிக்கப் போகும் அந்த ஒரு நாளுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்தால், நாளைக்கு கோர்ட்டில் லட்சங்களைக் கட்டும் நிலை வராது.

மற்றபடி செய்ய வேண்டியது சின்ன வேலைதான். வீட்டுக்குப் போனதும் பர்சை எடுத்து கார்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தேதி முடிய ஒரு வருடத்துக்குள் இருந்தால் நாளைக்கே மனு போடலாம். முடிந்து போயிருந்தால் சாவியை ஆணியில் மாட்டி விட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு பஸ்சில் போவதுதான் புத்திசாலித்தனம்.